எஞ்சின் கப்பலில் வந்தால் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சிகாகோவை வணிக நகரமாக உயர்த்தியது அதை ஒட்டிய மிச்சிகன் ஏரியின் கப்பலா, இரயிலா? இரயில்தான் என்று பேச வந்தவன் நான். ஆனால் எதிரணித் தலைவர் போகிற போக்கில், "அந்த ஊருக்கு முதல் இரயில் எஞ்சினே கப்பலில்தான் வந்தது" என்று சொல்லி உட்கார்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நகரமாட்டேன்.

கப்பலில்தான் ஐயா வந்தது. 1848 அக்டோபர். பழைய எஞ்சின், 'பயனியர்' என்று பேர். வந்து இறங்கிய பிறகு நடந்ததை ஏன் சொல்லவில்லை?

அடுத்த மாதமே ஊர்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி மேற்கே சில மைல் போகிறது. வழியில் ஒரு விவசாயி. மாட்டுவண்டியில் கோதுமை, கொஞ்சம் தோல். சிகாகோ சந்தைக்குப் போகிறார். அந்த ஊர்ப் பாதை எப்படிப்பட்டது? மழை பெய்தால் சக்கரம் அச்சு வரை புதையும். இரயிலில் வந்தவர்களில் இரண்டு பேர் அவரிடம் விலை பேசுகிறார்கள். அங்கேயே பேரம் முடிந்தது, மூட்டை இரயிலில் ஏறியது! சிகாகோவுக்கு இரயிலில் வந்த முதல் கோதுமை, ஐயா, அதுதான்! மாட்டுவண்டியில் புறப்பட்டது, இரயிலில் வந்து சேர்ந்தது. ஏரி அந்த மனிதரைத் தேடிப் போனதா? போகாது. குளிர்காலத்தில் உறைந்து, மாதக்கணக்கில் கப்பலையே நிறுத்திவிடும்.

இன்னொன்று. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பணக்காரர்கள் கைவிரித்தபோது, அந்த இரயில் கம்பெனித் தலைவர் வில்லியம் ஆக்டன் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடமே பங்கு விற்றுப் போட்ட பாதை அது. மிசிசிப்பி ஆறே வாசலில் ஓடிய செயின்ட் லூயிஸ் நகரை 1880 மக்கள்தொகைக் கணக்கில் சிகாகோ முந்திவிட்டது. தண்ணீர் மட்டும் போதுமென்றால் இது எப்படி?

சரி, கணக்கை விடுங்கள். 1871 அக்டோபர் 8, இரவு. சிகாகோ பற்றி எரிகிறது. சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மில்வாக்கியிலிருந்து தீயணைப்பு எஞ்சின்கள் இரயிலில் ஓடி வந்தன. சாப்பாடும் துணியும் இரயில் இரயிலாக வந்தன. வியாபாரத்தில் பரம எதிரியான செயின்ட் லூயிஸும் அனுப்பியது, ஐயா! போக்கிடம் தேடியவர்களைக் காசு வாங்காமல் ஏற்றிப் போனதும் அதே இரயில். பெற்ற தாய்தான் இப்படி ஓடி வருவாள். அந்தத் தாய்க்குத் தீர்ப்புத் தாருங்கள். நன்றி.