ரயிலுக்கும் ஒரு கொள்முதல் பலகை

(மயிலாடுதுறையில் ரயில் பயணிகள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கொள்முதல் என்றதும் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நெல்தான் ஞாபகம் வந்திருக்கும். நோட்டீஸில் 'ரயில் கொள்முதல்' என்று பார்த்துவிட்டு, "ரயிலையும் சிப்பம் கட்டி எடுக்கிறாங்களா தம்பி?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்ன ரகம் என்ன விலை, பொது ரகம் என்ன விலை, சிப்பத்துக்கு 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதம் எல்லாம் அங்கே பலகையில் பார்த்துப் பார்த்து நமக்கு மனப்பாடம். தராசு ஒரு கிலோ கூடுதலாக இழுத்தால் அங்கேயே சத்தம் போடுகிறோம். விலையும் தெரியும், அளவும் தெரியும், ரகமும் தெரியும் என்பதால்தான் அந்தச் சத்தம் வருகிறது. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் பேசாமல் பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

ரயில்வே நம் பணத்தில் ரயில் வாங்கும்போது நாம் அப்படித்தான் பேசாமல் வருகிறோம். விலை மட்டும் தெரிகிறது. அதுவும் செய்தித்தாள் சொல்லும் விலை.

ஒரு கணக்கு சொல்கிறேன், மனக்கணக்குதான். 2023ல் 200 வந்தே பாரத் படுக்கை வசதி ரயில்களுக்கு ரயில்வே ஒப்பந்தம் போட்டது. டெண்டர் திறந்தபோது வந்த செய்தி, ரயில் ஒன்று 120 கோடி ரூபாய். மறு வருஷம் செப்டம்பரில் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் வேறு கணக்கைக் கொண்டுவந்தார். மொத்த ஒப்பந்தம் 58,000 கோடி, 200 ரயிலுக்கு வகுத்தால் ஒன்று 290 கோடி. இப்போது 133 ரயில்தான் என்கிறார்கள், அப்படியானால் ஒன்று 436 கோடி, விலை பாதிக்குப் பாதி ஏறிவிட்டது என்றார். அது தப்பு, ஒரு ரயிலுக்கு 16 பெட்டி என்றிருந்ததை 24 ஆக்கியிருக்கிறோம், மொத்தப் பெட்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை என்றது ரயில்வே. 200ஐ 16ஆல் பெருக்கினால் 3,200. 133ஐ 24ஆல் பெருக்கினால் 3,192. கிட்டத்தட்ட சரியாகத்தான் வருகிறது.

அப்புறம் அந்த 120 கோடி? அது ரயிலைச் செய்து கொடுக்க மட்டும். 58,000 கோடியில் 35 வருஷப் பராமரிப்பும் சேர்த்தி. ஆக 120, 290, 436 மூன்றும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து வந்த எண்கள். சண்டை போட்டவர்கள் யாருக்கும் வகுத்தல் தெரியாமலில்லை. எதால் வகுப்பது என்பதுதான் தகராறு. ஒப்பந்தத்தின் அளவுப் பக்கமும் கட்டண அட்டவணையும் எல்லாரும் எடுத்துப் பார்க்கிற இடத்தில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் விஷயம் இது.

இந்தப் பக்கம் மேடை ஏறிவிட்டுப் பெரிய கோயிலைச் சொல்லாமல் இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ராஜராஜன் கொடுத்த பொன் எவ்வளவு என்று கல்லில் வெட்டியவர்கள், அதை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் வெட்டியிருக்கிறார்கள். பொன்னுக்கு 'ஆடவல்லான்' என்னும் கல், நகைகளுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் கல். முத்தென்றால் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று ரகம் பிரித்து எண்ணிக்கை. எழுதியவருக்குத் தணிக்கைக்காரர் புத்தி இருந்திருக்கிறது.

ரகத்துக்கு வருவோம். ரயிலில் ரகம் என்பது தொழில்நுட்ப விவரக்குறிப்பு. ஸ்பெயினில் 2020ல் 31 ரயில்களுக்கு 25.8 கோடி யூரோவுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மலைப்பக்கத்துப் பழைய மீட்டர் கேஜ் பாதை, சின்னச் சின்னச் சுரங்கங்கள். குறிப்பில் கொடுத்த அளவுப்படி ரயில் செய்தால் சில சுரங்கங்களுக்குள் நுழையாது. ரயிலைக் கட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், நல்லவேளை. ஆனால் அது ஊருக்குத் தெரிந்து பெரிய பேச்சானது 2023ல்தான். அந்த நாட்டு ரயில் நிறுவனத் தலைவரும் போக்குவரத்துத் துறைச் செயலரும் பதவி விலகினார்கள். அந்தப் பாதையில் முப்பது வருஷம் வண்டி ஓட்டிய ஒருவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, தோன்றுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் எப்போதும் திறந்து வை என்று நான் கேட்கவில்லை. குளத்து மீன் ஏலத்துக்கு மூடிய கவரில் விலை எழுதிப் போடுகிறோம். அடுத்தவர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று முன்னாலேயே தெரிந்தால் கவர் எதற்கு? டெண்டர் முடிகிறவரை ரகசியம் நியாயம். இன்ஜின் வரைபடம் கம்பெனிக்காரன் சொத்து, அதுவும் நமக்கு வேண்டாம். கையெழுத்து ஆனபிறகு, எவ்வளவு கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம், தாமதமானால் என்ன பிடித்தம், பழுதானால் யார் செலவு, இவற்றை மறைப்பதற்குத்தான் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நம் மாநிலம் 1997லேயே தனியாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது. விலக்குகள் நிறைய உள்ள சட்டம். இப்போது கையில் இருப்பது 2005ஆம் வருஷத்து மத்தியச் சட்டம். அதில் 8(1)(d) என்று ஒரு பிரிவு, வணிக ரகசியம் என்றால் தர வேண்டாம் என்கிறது. அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்றும் அதே வாக்கியம் சொல்கிறது. பதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எனக்கே நடந்தது. நம் கிளைப்பாதையில் ஓடும் வண்டி ஒன்றில் புதுப் பெட்டிகள் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. உள்ளே போகிற பெண்கள் துணைக்கு ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுப் போனார்கள். கேட்டால் "எழுதிப் போட்டிருக்கோம், ஃபண்டு வரணும்" என்றார்கள். இரண்டு மாதம் இதே பதில். அந்தக் கழிப்பறைப் பொருள்களின் கொள்முதல் ஒப்பந்த நகல் வேண்டும் என்று தமிழிலேயே எழுதி விண்ணப்பித்தேன். தமிழில் எழுதலாம், சட்டமே சொல்கிறது. ஆனால் மாநில அலுவலகத்துக்கு ஒட்டுகிற கோர்ட் ஸ்டாம்பை ரயில்வேக்கு ஒட்டாதீர்கள், திரும்பி வந்துவிடும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வையுங்கள்.

முப்பதாவது நாள் ஒரே வரியில் பதில் வந்தது: 8(1)(d), தர இயலாது. முதல் மேல்முறையீடு போட்டேன். முழுதும் தர முடியாவிட்டால் மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள், பத்தாம் பிரிவு இருக்கிறது என்று எழுதினேன். கம்பெனியின் ஆட்சேபத்தைக் கேட்பார்கள், பதினோராம் பிரிவு. ஆட்சேபம் சொல்லலாம், தடுக்கிற அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கடைசியில் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 92 ரூபாய் கட்டி 46 பக்கம் வாங்கினேன்.

பதினேழாம் பக்கத்தில் இருந்தது நமக்கு வேண்டிய வரி. பொருள் கொடுத்து 30 மாதம், அல்லது வண்டியில் ஓட ஆரம்பித்து 24 மாதம், எது முந்தியதோ அதுவரை பழுது கம்பெனி செலவு. ரயில்வே ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கிற விதிதான் அது. ஃபண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தேன். பதினோரு நாளில் தாழ்ப்பாள் வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடமும் அந்தப் பக்கம் இருந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கும்போது 'ஒப்பந்தம் பற்றிய எல்லா விவரமும்' என்று எழுதாதீர்கள். அதற்கு எல்லா விவரமும் இல்லை என்று பதில் வரும். விலை அட்டவணை, கொடுக்க வேண்டிய தேதி, கொடுத்த தேதி, பிடித்த அபராதம், விலை மாறுபாட்டு விதி, உத்தரவாதப் பக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நகல் வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்றும் எழுதலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

அந்த 46 பக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். முன் வரிசையிலிருந்து பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் பாதிக்குமேல் கறுப்பு மை பூசியிருக்கும். உதிரிபாகங்களின் விலைப் பட்டியல் அது. தாழ்ப்பாளின் விலையும் அதற்குள்தான் இருக்கிறது. தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு போட 90 நாள், அதில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. அந்த ஒரு தாளை மட்டும் யாரும் மடிக்க வேண்டாம், இணைக்க வேண்டும்.