இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி

அனைவருக்கும் வணக்கம். விளையாட்டு விழா மேடையில் கோப்பை வென்றவர்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று பேசப்போவது பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்ற ஒரு கல்லூரி அணியைப் பற்றி. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம், அங்கே ஓஹியோ ஆற்றங்கரையில் ஹண்டிங்டன் என்ற ஊர், அந்த ஊரின் மார்ஷல் பல்கலைக்கழகம். அதன் 1971-ஆம் ஆண்டு ஃபுட்பால் அணி. நாம் உதைத்து ஆடுகிற பந்து இல்லை இது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கி ஓடி, மோதி, எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

முந்தைய ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 17-14 என்று தோற்றுவிட்டு மார்ஷல் அணி வாடகை விமானத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மழையும் மூடுபனியுமான இரவு. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், குன்றின் மேலிருந்த மரங்களில் உரசி விமானம் விழுந்தது. 75 பேர் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. 37 வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலி, அவருடைய உதவியாளர்கள், கூடப் போயிருந்த ஊர்ப் பெரியவர்கள், டாக்டர்கள். தாய் தகப்பன் இருவரையும் ஒரே இரவில் இழந்த பிள்ளைகளும் அந்த ஊரில் உண்டு. அடையாளம் காண முடியாத ஆறு வீரர்களை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பக்கம் பக்கமாக அடக்கம் செய்தார்கள்.

இனி ஃபுட்பாலே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. அப்படிச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன்னால் யார் பந்தை எடுத்துக்கொண்டு போவது? ஆனால் காயம் காரணமாக அன்று பயணம் போகாத நேட் ரஃபினும், மிஞ்சியிருந்த மற்ற வீரர்களும், ஆடியே தீரவேண்டும் என்று நின்றார்கள்.

சரி, ஆட ஆள் வேண்டுமே! அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடக்கூடாது. மார்ஷலுக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதே 1970 அக்டோபரில் விசிட்டா ஸ்டேட் அணியின் விமானமொன்று கொலராடோ மலையில் விழுந்தபோதும் இதே சலுகை தரப்பட்டிருந்தது. ஒரே பருவத்தில் இரண்டு கல்லூரி அணிகளுக்கு இப்படி நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. சலுகை கிடைத்ததென்று எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளி முடித்து வந்த பதினெட்டு வயதுப் பையன், மூன்று நான்கு வருடம் உடம்பை முறுக்கேற்றிய இருபத்திரண்டு வயதுக்காரனை நேருக்கு நேர் மோதித் தடுக்க வேண்டும். ஆள் பற்றாமல் வேறு விளையாட்டுக்காரர்களையும் கூப்பிட்டார்கள். இந்த ஆட்டத்திலும் சில கட்டங்களில் பந்தை உதைக்க வேண்டும். அணிக்காக அதைச் செய்த பிளேக் ஸ்மித், நம் கால்பந்தாட்டத்திலிருந்து வந்தவர்.

புதிய பயிற்சியாளர் ஜாக் லெங்யெல், ஊஸ்டர் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தார். அவருக்குத் துணை நின்றவர் ரெட் டாசன். விபத்து நடந்த இரவு, அணிக்குப் புதிய மாணவரைத் தேடிக் காரில் போயிருந்ததால் உயிர் தப்பிய உதவிப் பயிற்சியாளர் இவர். ஒரு வருடம் மட்டும் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். இறந்த பையன்களில் பலரை வீடு தேடிப் போய், பெற்றோரிடம் பேசி, அழைத்து வந்தவரே அவர்தான்.

அப்புறம் இன்னொரு மனிதர், பாபி பௌடன். அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். தன் அணி ஆடும் 'வீர்' என்ற ஆட்ட முறையின் படச்சுருள்களையும் குறிப்புகளையும் மார்ஷல் ஆட்களுக்குத் திறந்து காட்டினார். பந்தை யாரிடம் கொடுப்பது என்பதை எதிராளியின் அசைவைப் பார்த்து அந்தக் கணத்தில் முடிவு செய்கிற முறை அது. பலம் குறைந்த, கால் வேகம் உள்ள பையன்களுக்குத் தோதானது. ஆட்ட நுணுக்கத்தைப் பூட்டி வைப்பதுதான் பயிற்சியாளர்களின் இயல்பு. பௌடன் செய்ததை நான் பெரிய காரியம் என்றே சொல்வேன்.

செப்டம்பர் 18-ஆம் தேதி முதல் ஆட்டம். மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29-6 என்று தோல்வி. அடுத்த வாரம் சொந்த ஊரில், ஃபேர்ஃபீல்டு மைதானத்தில், சேவியர் பல்கலைக்கழக அணியுடன். ஆட்டம் முடியப்போகிறது, 13-9 என்று சேவியர் முன்னால் நிற்கிறது. கடைசி முயற்சி, தாண்டினால் புள்ளி தரும் கோட்டுக்கு இன்னும் 13 கஜம். பந்தை எடுத்த மார்ஷல் வீரர் ரெஜி ஆலிவர் வலப்பக்கம் ஓடுகிறார். எதிரணி மொத்தமும் அவர் பின்னால் பாய்கிறது. அவரோ திரும்பி, இடப்பக்கம் தனியே நின்ற முதலாண்டு மாணவர் டெர்ரி கார்ட்னருக்கு எறிகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. சக வீரர் ஜாக் கிராப்ட்ரீ எதிராளி ஒருவரைத் தடுத்து வழிவிட, கார்ட்னர் கோட்டைத் தாண்டினார். 15-13! ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். வெகுநேரம் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் முக்கியம். அடுத்த ஆட்டமே ஓஹியோ மாநிலத்தின் மயாமி அணியிடம் 66-6 என்று தோல்வி. அடிபட்டுப் பேருந்தில் திரும்பி, திங்கட்கிழமை மறுபடி பயிற்சிக்கு வந்து, அடுத்த சனிக்கிழமை மறுபடி தோற்கத் தயாரானார்களே, அந்தப் பையன்களை நான் வணங்குகிறேன். அக்டோபர் கடைசியில் பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தின் இரண்டாவது வெற்றி அதுதான், கடைசி வெற்றியும் அதுதான்.

பருவம் முடிந்ததும் டாசன் சொன்னபடி விலகி, கட்டுமானத் தொழிலுக்குப் போய்விட்டார். லெங்யெல் 1974 வரை இருந்தார். நான்கு ஆண்டுகளில் 9 வெற்றி, 33 தோல்வி. வெற்றிகள் தோல்விகளைத் தாண்டிய ஒரு பருவத்தை மார்ஷல் பார்க்க 1984 ஆயிற்று. 1992-இலும் 1996-இலும் தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. 1999-இல் ஆடிய 13 ஆட்டங்களிலும் அது தோற்கவே இல்லை.