அந்தப் பச்சைத் தரையை மூடாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புது வீட்டுக்குப் பழைய வண்ணமும் பழைய பொருளும் அழகுதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி கேட்டார்: "மொசைக் தரை, பிரம்பு நாற்காலி, பூப்போட்ட கல்... இது வீடா, அருங்காட்சியகமா?" நீங்களும் நல்லாக் கை தட்டினீர்கள். சரி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

தம்பி, அருங்காட்சியகத்தில் கயிறு கட்டியிருப்பார்கள், தொடக்கூடாது. என் அக்கா வீட்டுப் பிரம்பு நாற்காலியில் பேரப்பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள்!

அக்கா சிங்கப்பூர் தோ பாயோவில், முன்பு வேறொருவர் குடியிருந்த மறுவிற்பனை வீடு வாங்கினார். தரை முழுக்க மரம் மாதிரி வினைல் பலகை. மூலையில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. மாமா பிய்த்தார். அடியில் பச்சையும் வெள்ளையுமாக மொசைக்! அடுத்ததைப் பிய்த்தார். அங்கேயும் மொசைக்! காண்டிராக்டர் ஓடி வந்தார்: "மேலேயே புது டைல்ஸ் ஒட்டிடலாம்." அதற்குள் அக்காவின் மாமியார் வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றுவிட்டார். "அம்மா, கொஞ்சம் நகருங்க." நகரவில்லை. "அம்மா, ஒரே தூசி." ம்ஹூம்! "ஜில்லுன்னு இருக்குப்பா, இதையா மூடப் போறே?" கடைசியில் காண்டிராக்டரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். அப்புறம் அவரே எந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தார். சிமெண்டில் பளிங்குச் சில்லு கலந்து போட்ட தரை அது. மேலே தேய்ந்தாலும் உள்ளே அதே சில்லு. வினைலைத் தேய்த்துப் பாருங்கள், அச்சடித்த மரம் அழிந்துபோகும்!

இங்கே கூன் செங் சாலையில் இருக்கும் பழைய பெரனாக்கான் வீடுகளின் வண்ணத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து நாலு சுவருக்கும் வெள்ளை அடிக்கிறோம். ஏன்? சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்யும் செட்டிநாட்டு ஆத்தங்குடிப் பூக்கல், நம் சமையலறைச் சுவரில் ஒரு வரிசை இருந்தால் ஆகாதா?

நான் வளர்ந்த அடுக்குமாடி புளோக் இன்று இல்லை. இடித்துவிட்டார்கள். அதைவிட நல்ல வீடு கிடைத்தது, குறை சொல்லவில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, பாய்கூட விரிக்காமல் என் அப்பா படுத்த தரையை நான் எங்கே போய்த் தேடுவேன்? என் மகன் அவரைப் பார்த்ததே இல்லை. அக்கா வீட்டில் அவன் தவழும்போது, "தாத்தா படுத்தது இந்த மாதிரித் தரையிலதான்டா" என்று தொட்டுக் காட்டுகிறேன்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. உங்கள் அம்மா வீட்டுத் தரை என்ன நிறம்? அதை நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.