அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்: நினைவு பற்றி மேடையில் பேசியது

விழாத் தலைவர் அவர்களே, என் மேல் நம்பிக்கை வைத்து அழைத்த உளவியல் துறைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்கள் தம் உரையில், "பாடம் நடத்தி முடித்ததும் ஆசிரியரின் வேலை முடிந்துவிடுவதில்லை" என்றார்கள். நான் பேச வந்த பேச்சுக்கு அவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். முதல்வர் அவர்களோ கையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது இன்னும் கவனமாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. இருவருக்கும் என் நன்றி.

உளவியலில் அடியெடுத்து வைப்பவர்கள் முதலில் சந்திப்பது நான்கு சொற்கள்: நனவு, கற்றல், நினைவு, சிந்தனை. நான்கையும் தொட்டுப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் நனவு, அதாவது இந்த நொடியில் நாம் உணர்ந்துகொண்டிருக்கும் நிலை. 1879இல் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, மனிதன் தன் அனுபவத்தைத் தானே உற்றுப் பார்த்துச் சொல்வதை அளக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அடுத்து வந்த வில்லியம் ஜேம்ஸ், நனவு என்பது துண்டு துண்டாகக் கோத்த மாலை அல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு என்றார். நனவோடை என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஓடையில் இந்த நொடியில் நம் கைக்குள் நிற்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம் என்பதை ஒரு மனிதருடைய கதையால் சொல்கிறேன்.

ஹென்றி மொலேசன் என்று ஒருவர். கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றுமுதல் புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால், புதியவரைப் போல வரவேற்பார். அறிவு குறையவில்லை, பேச்சு குறையவில்லை, பண்பும் குறையவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் 584 என்ற எண்ணைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால்மணி நேரம் கழித்துக் கேட்டால் சரியாகச் சொல்கிறார்! எப்படி? ஐந்தும் எட்டும் நான்கும் கூட்டினால் பதினேழு. எட்டைக் கழித்தால் ஒன்பது. ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும். இதையே மனத்துக்குள் விடாமல் சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சை வேறுபக்கம் திருப்பினார்கள். அவ்வளவுதான். எண் போனது. எண் ஒன்றைக் கேட்டார்கள் என்ற நினைவும் போனது.

கேளுங்கள், இனிமேல்தான் முக்கியமான இடம். மில்னர் அவருக்கு இன்னொரு வேலை கொடுத்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரம். கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில் மட்டும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் நாள் அவரும் தடுமாறினார். மறுநாள் தவறு குறைந்தது. மூன்றாம் நாள் தேர்ந்த கையாக வரைந்தார். ஆனால் மூன்று நாளும் அவரைப் பொறுத்தவரை அது முன்பின் பார்த்திராத வேலை. செய்ததே நினைவில்லாத மனிதரின் கை கற்றுக்கொண்டிருக்கிறது! நினைவு ஒன்றல்ல, பல என்று உலகம் கண்டுகொண்டது இப்படித்தான்.

முன்பே என் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் எந்தப் பழமொழிக்கு வருவேன் என்று தெரியும். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும். அறிவு மறந்தாலும், அடிமேல் அடி விழுந்த இடத்தில் அம்மி நகர்ந்திருக்கிறது.

இந்தப் பழமொழியை விடாமுயற்சிக்கு மட்டும் சொல்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கை ஓங்கியாக வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் அடியே இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதனைப் பொருளாக்கிப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். மறதி முதல் ஒருமணி நேரத்தில் சரசரவென்று இறங்கி, பிறகு மெல்லத் தேய்கிறது என்று காட்டினார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஒரே அமர்வில் 68 முறை படித்துக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது. உழைப்பில் ஏறத்தாழ பாதி மிச்சம்! இது தெரிந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளைகளை விழிக்க வைத்துக்கொண்டிருக்கிறோமே, இது நியாயமா?

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையையும் சொல்லியாக வேண்டும். ஒரு பத்தியை ஒரு குழு இரண்டுமுறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து, இரண்டுமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிலிருந்தது 42 சதவீதம், மூடி எழுதியவர்களுக்கு 56 சதவீதம். திரும்பப் படிக்கும்போது தெரிந்தது போல ஒரு மயக்கம் வருகிறது. புத்தகத்தை மூடும்போதுதான் உண்மை தெரிகிறது. நினைத்துப் பார்ப்பதே ஓர் அடி.

கற்றலைப் பற்றி, பேர்பெற்ற சோதனைகளான பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை என்று பேச நினைத்திருந்தேன். பாடநூலில் அவை விரிவாகவே இருக்கின்றன. சிந்தனைக்கு, கோலர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த சுல்தான் என்ற சிம்பன்சி இரண்டு கோல்களை ஒன்றில் ஒன்று செருகி எட்டாத பழத்தை இழுத்த கதையை வைத்திருந்தேன். அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன்: கையில் கோல் இல்லாமல் சுல்தானுக்கும் அந்த யோசனை பிறந்திருக்காது. மனத்தில் சரக்கு இருந்தால்தான் சிந்தனை எதையாவது எதனோடாவது பொருத்த முடியும்.

பல ஆண்டுகளாக ஏறிய மேடையெல்லாம் நான் கேட்டுவருவது ஒன்றுதான். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடுங்கள். நேற்று நடந்ததையும் போன வாரம் நடந்ததையும் பிள்ளைகள் நினைவிலிருந்து எழுதட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம். தப்பாக எழுதியவரை யாரும் எழுப்பி நிற்க வைக்கவும் வேண்டாம். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து அவர்களே திருத்திக்கொள்ளட்டும். இதற்குச் செலவில்லை, கருவி வேண்டாம், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் மனம் வைத்தால் நாளைக் காலையே தொடங்கலாம்.

முதல்வர் அவர்களே, இந்தக் கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த பருவம் முழுவதும் ஒரே ஒரு வகுப்பில் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டு, அதை இந்த மேடையிலேயே உங்கள் கையில் கொடுக்கிறேன். வணக்கம்.