அரசுப் பள்ளிக்குக் கேமரா கொடுக்கப் போகிறீர்களா? கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

வணக்கம் மக்களே. வட சென்னையில் கடலோரமாக ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே புகைப்பட மன்றம் தொடங்குகிறோம், வீட்டில் சும்மா கிடக்கும் கேமரா இருந்தால் கொடுங்கள் என்று போன வீடியோவில் கேட்டிருந்தேன். இந்த மேசையைப் பாருங்கள், கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது. ரொம்ப நன்றி.

ஆனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தால்தான் சிக்கல் தெரிகிறது. இது நிக்கான் டி3100. நல்ல கேமரா, சார்ஜர்தான் வரவில்லை. இது பழைய சோனி சைபர்ஷாட். இதற்கு மெமரி ஸ்டிக் என்று தனி ரகக் கார்டு வேண்டும், பள்ளிக் கணினியில் இருக்கும் கார்டு ரீடர் அதை ஏற்காது. பத்துக் கேமராவுக்குப் பத்து விதமான பேட்டரி என்றால் எந்த ஆசிரியர் உட்கார்ந்து சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பார்? அவருக்கு ஏற்கெனவே எமிஸ் வேலையே, அதாவது மாணவர் விவரங்களை இணையத்தில் பதியும் வேலையே, தலைக்கு மேல்.

அதனால் இனி வாங்குவதெல்லாம் ஒரே குடும்பமாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கேனான் 1200டி, 1300டி, 1500டி. 2014 முதல் 2018க்குள் வந்த மாடல்கள். மூன்றுக்கும் எல்பி-இ10 என்ற ஒரே பேட்டரி, அதே சார்ஜர், அதே 18-55 லென்ஸ். ஒன்று பழுதானால் அதன் உதிரி இன்னொன்றுக்கு ஆகும். நிக்கான் ரசிகர்கள் சண்டைக்கு வராதீர்கள். டி3100 மாதிரி கேமராக்களில் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. யாராவது பழைய 50 எம்எம் லென்ஸ் கொடுத்தால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனானில் ஈஎஃப் என்ற அவர்களுடைய லென்ஸ் ரகத்தில் எது வந்தாலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், அந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் ஓடுவதால், இந்த மாதிரிக் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. நமக்கு அது வசதி.

"போனிலேயே எடுக்கலாமே ப்ரோ" என்று கமெண்டில் நிறைய பேர். சரி, அந்தப் போன் யாருடையது? அப்பாவுடையது. காலையில் அவரோடு வேலைக்குப் போய் இரவுதான் வீடு திரும்பும். திரும்பியதும் முதலில் அண்ணன் கைக்குப் போகும், தங்கை கைக்கு வருவதற்குள் தூங்கும் நேரம் ஆகிவிடும். தன் கையில் ஒரு கேமரா இருப்பது வேறு விஷயம்தான். பாரி இணைய இதழில் எழுதும் புகைப்படக் கலைஞர் பழனிகுமார் தெரியும் இல்லையா? மீன் விற்கும் அவருடைய அம்மா கடன் வாங்கித்தான் அவருக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடன் சுமை இந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் நம் வேலை.

இப்போது இந்த லென்ஸைப் பாருங்கள். போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடிக்கிறேன். உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிகிறதா? பூஞ்சை. பீரோவில் தோல் பையோடு பூட்டி வைத்தால் சென்னைக் காற்றுக்கு இது வரும். கடலோரப் பள்ளியில் கேட்கவே வேண்டாம். டிரை கேபினட் என்ற ஈரம் நீக்கும் அலமாரியெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் போதும். நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, பிள்ளைகள் புழங்கும் இடம். ஆரஞ்சு மணி வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகிவிடும், அப்போது மாற்றினால் சரி.

அடுத்து எல்லாரும் மறக்கிற விஷயம், பேட்டரியும் கார்டும். 1200டியில் வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் வரும். திரையைப் பார்த்தே எடுத்தால் 180தான். பிள்ளைகள் போன் பழக்கத்தில் திரையைத்தான் பார்ப்பார்கள், அதனால் கேமராவுக்கு இரண்டு பேட்டரி இல்லாமல் ஒப்படைக்க மாட்டோம். ரிச்சி தெருவில் மலிவாக 64 ஜிபி கார்டு கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள். போலி கார்டு கணினியில் 64 என்றே காட்டும், பாதி நிரம்பியதும் படங்களைத் தின்றுவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். கேமராவுக்கு 16 ஜிபி நல்ல கார்டு ஒன்று இருந்தாலே மன்றத்துக்குத் தாராளம்.

இதையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று உண்டு, யாரும் பேச மாட்டார்கள். கேமரா பள்ளிக்குள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறிய பொருள் உடைந்தால், தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அவர் என்ன செய்வார்? பூட்டித்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சாவியை இடுப்பிலேயேதான் செருகியிருப்பேன். அதனால் கேமராக்களை அன்பளிப்பாகக் கொடுக்காமல், எங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு மன்றத்துக்கு இரவலாகத் தருகிறோம். உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், யாரிடமும் காசு கேட்க மாட்டோம் என்று கடிதமும் கொடுத்திருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் சனி, ஞாயிறு வீட்டுக்கு எடுத்துப்போகச் சம்மதம் கிடைத்தது. பணமாகவோ பெரிய பொருளாகவோ பள்ளிக்கே கொடுக்க விரும்பினால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது, அது வழியாகப் போங்கள்.

இன்னும் கேமரா வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். பிரிண்ட் போடக் காசுதான் வேண்டும். நாலுக்கு ஆறு பிரிண்ட். வலை பின்னுகிற தாத்தாவைப் படம் எடுத்த பெண், அடுத்த வாரம் அவர் கையில் படத்தைக் கொடுத்தால்தான் தெருவில் அடுத்தவர் முகம் கொடுத்து நிற்பார். ஆல்பம் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இந்த வீடியோ பார்த்தால் கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆங், இன்னொன்று. கேமரா அனுப்பும்போது கார்டைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். ஃபார்மட் செய்துவிட்டோமே என்று விடாதீர்கள், ஃபார்மட் செய்த கார்டிலிருந்தும் படங்களை மீட்க முடியும். யார் வீட்டுக் காதுகுத்தோ தெரியவில்லை, முழு ஆல்பமும் இப்போது என் மேசையில் இருக்கிறது.