சாரிசார்ட்டைக் குடுக்கிறதோ, வச்சிருக்கிறதோ?

வணக்கம் எல்லாருக்கும். ஃபேனை நிப்பாட்டிட்டன், இல்லாட்டி மைக்கில அது மட்டும்தான் கேக்கும். வெள்ளவத்தையில கடல் பக்க ஒழுங்கை எண்டபடியா நடுவில ரெயில் ஒண்டு போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன சனிக்கிழமை ஒரு தம்பி கார்ட் மாத்துறதைப் பற்றிக் கேக்க வந்தவர். ஓ லெவல் எழுதிப்போட்டு வீட்டில நிக்கிறார். அடையாள அட்டை போடுற பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்து ஒரு சாரிசார்ட்டை, போக்கிமொன் கார்ட் ஒண்டு, எடுத்து மேசையில வச்சார். கனடா மாமா சின்னனில வச்சிருந்ததாம். நான் கையை ஷேர்ட்டில துடைச்சுப்போட்டுத்தான் எடுத்தனான். கீழ 4/102. அப்ப 1999 பேஸ் செட், ஆங்கிலத்தில முதன்முதல் வந்த செட். முதல் பதிப்பு முத்திரை இல்லை. படத்தின்ட சட்டத்துக்கு வலப்பக்கம் ஒரு மெல்லிய நிழல் விழுது, அப்ப அன்லிமிட்டட், பிறகு கூட அடிச்ச பதிப்பு. அந்த நிழல் இல்லாத கார்ட்டுக்கு விலை வேற. பின்பக்கம் மூலையில நீலம் உரிஞ்சு வெள்ளை தெரியுது. மாமா விளையாடியிருக்கிறார், நல்லா விளையாடியிருக்கிறார்.

இதுக்கு இவற்ற கூட்டாளி நாலு புதுக் கார்ட் தாறன் எண்டவராம். எல்லாம் இந்த வருசம் வந்த செட், பளபளப்பு. ஃபோனில கூட்டிப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டமுட்ட ஒரே காசு. "அண்ணா, விலை சமன்தானே, மாத்தட்டோ?" எண்டார்.

விலை சமன்தான். விலைக்கான காரணம் சமனோ? அதைத்தான் இண்டைக்குக் கதைக்கப்போறன். என்ட தலையில நானே மண்ணள்ளிப் போட்ட கதையில இருந்து தொடங்குறன்.

2015. அப்ப நான் மெஜிக் எண்ட கார்ட் விளையாட்டு மட்டும்தான். என்னட்ட ரிவைஸ்ட் எண்ட பதிப்பில வந்த ட்ரொப்பிக்கல் ஐலண்ட் ஒண்டு இருந்தது, 1994இல அடிச்ச கார்ட். பாக்க ஒரு தீவு, அவ்வளவுதான், ஒரு மினுக்கமும் இல்லை. அதைக் குடுத்து டார்மொகொய்ஃப் எண்ட மெஜிக் கார்ட் ஒண்டு வாங்கினனான். அண்டைக்கு டொலர் கணக்கில ரெண்டும் ஒண்டுக்கொண்டு பெரிய வித்தியாசமில்லை. மாத்திப்போட்டு கொத்து வேற வாங்கிக் குடுத்தன் மற்றவருக்கு. வெண்டது நான்தான் எண்டு நினைப்பு!

ஏன் அந்த நினைப்பு? டார்மொகொய்ஃப் 2007இல வந்தது. 2011இல மொடர்ன் எண்ட விளையாட்டு முறை வந்த பிறகு பச்சை நிறக் கார்ட் வச்சு விளையாடுறவனுக்கு அது நாலு வேணும். மெஜிக் அடிக்கிற விசர்ட்ஸ் கொம்பனி 2013இல அதைத் திருப்பி அடிச்சது. விலை விழேல்ல, புது ஆக்கள் வந்து இன்னும் ஏத்தி விட்டினம். 2015இலயும் அடிச்சது. அப்பவும் நான் "பாத்தியா, அசைக்கேலாது" எண்டு கொண்டு திரிஞ்சன். பேந்து 2017இல ஃபேட்டல் புஷ் எண்டு ஒரேயொரு மனாவில (கார்ட் போடச் செலவழிக்கிற சக்தி) போடக்கூடிய கார்ட் வந்து அதை லேசாக் கொல்லத் தொடங்கிச்சு. அதுக்குப் பிறகு அதைவிடப் பலமான சாமான் வரிசையா வந்தது. ஆருக்கும் அது தேவையில்லாமப் போச்சு. இப்ப அது விக்கிற விலைக்கு நாலு பேர் கொத்து சாப்பிடலாம், அவ்வளவுதான்.

நான் குடுத்த தீவோ, அண்டைக்கு இருந்ததை விட இப்பவும் கூடத்தான். 1995இல குரொனிகிள்ஸ் எண்டு பழைய கார்டுகளைத் திருப்பி அடிக்க, சேர்க்கிற ஆக்கள் கொதிச்செழும்பிட்டினம். அதால 1996இல விசர்ட்ஸ் கொம்பனி ரிசேர்வ்ட் லிஸ்ட் எண்டு ஒண்டு போட்டு, இதில உள்ளதை இனி அடிக்கமாட்டம் எண்டு சொன்னது. ட்ரொப்பிக்கல் ஐலண்ட் அதுக்குள்ள இருக்கு. சொன்ன சொல்லுத்தான், சட்டமில்லை. 2022இல லிஸ்டில உள்ள சிலதையே பின்பக்கம் வேற மாதிரி அடிச்சு, போட்டியில பாவிக்கேலாது எண்டு சொல்லி, கார்ட் பக்கெட் நாலை 999 டொலருக்கு வித்தவை. ஆனாலும் போட்டியில பாவிக்கக்கூடிய தீவு இதுவரைக்கும் புதுசா வரேல்ல.

விளையாட்டுத் தேவையால நிக்கிற விலை ஒரே நாளில போகும் எண்டதுக்கு 2024 செப்டம்பரைப் பாருங்கோ. மெஜிக்கில கொமாண்டர் எண்ட விளையாட்டு முறையில ஜுவல்ட் லோட்டஸ் எண்ட கார்ட்டைத் தடை செய்தவை. அந்தக் கார்ட் குடுக்கிற மனா, கொமாண்டர் எண்டு வச்சிருக்கிற தலைமைக் கார்ட்டை இறக்க மட்டும்தான். வேற முறையில அதை வச்சு என்ன செய்யிறது? பூசைக்கும் வைக்கேலாது. முதல் நாள் இரவு ட்ரேட்டில அதை எடுத்தவன் விடிய எழும்பி ஃபோனைப் பாக்கிற முகத்தை யோசிச்சுப் பாருங்கோ.

இப்ப தம்பியின்ட சாரிசார்ட். அதை வச்சு ஆரும் போட்டி விளையாடுறேல்ல. ஆசையில வாங்கிறவைதான். 2021இல செலிப்ரேஷன்ஸ் எண்ட செட்டில அதே படத்தை 25ஆம் ஆண்டு முத்திரை போட்டு அடிச்சவை. பழசின்ட மதிப்பு அதால போகேல்ல, சின்னனில கிடைக்காம ஏங்கின ஆக்களுக்கு ஞாபகப்படுத்தி விட்டது, அவ்வளவுதான். கூட்டாளி தாற நாலும் இன்னும் அச்சில இருக்கிற செட். ஆக்கள் பக்கெட் உடைக்கிற வரைக்கும் அந்தக் கார்டுகளின்ட எண்ணிக்கை கூடிக்கொண்டே இருக்கும். நான் எண்டா குடுக்கமாட்டன்.

ஆனா ஒண்டு. கொழும்பில ஒரு பெரிய கார்ட்டை விக்கிறது பாடு. அவ்வளவு காசு ஒரேயடியா வைக்கிற ஆக்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். நாலு சின்னன் எண்டா அடுத்த சனிக்கிழமையே கைமாறும். தம்பிக்கு டெக் (விளையாடுற கார்ட் கட்டு) கட்ட வேணும், ட்யூஷன் காசில மிச்சம் பிடிக்கிற பிள்ளை. அப்பிடி எண்டா பெரிசைக் குடுக்கிறவர் மேல கொஞ்சம் கேக்க வேணும். சமனுக்குச் சமன் எண்டா அது நட்டம்.

மற்றது, "நான் இதை 20,000க்கு வாங்கினனான், இப்ப 35,000" எண்டு நெஞ்சை நிமித்துற ஆக்கள். 2022 மார்ச்சில ரூபாயை மிதக்க விட்ட பிறகு டொலர் 200 சொச்சத்தில இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள 360 வரைக்கும் போனது. கார்ட் ஏறேல்ல ராசா, ரூபா விழுந்தது. மாத்தும்போது ரெண்டு பக்கமும் டொலர் சாமான்தான், ரூபாக் கதையை எடுக்காதேங்கோ.

[ரெயில் போகுது]

சரி. கடைசியா இதைப் பாருங்கோ, கிட்ட காட்டுறன். என்ட ஃபொயில் கார்ட், முகத்தில மினுங்கிற தாள் ஒட்டினது. மேசையில வச்சா கிண்ணம் மாதிரி நிக்குது. எங்கட ஈரக் காத்தைக் கடதாசி உறிஞ்சி விரியும், மேல இருக்கிற ஃபொயில் விரியாது, அதால முகப்பக்கம் உள்ளுக்கு வளையும். மாத்தும்போது கவரில இருந்து வெளிய எடுத்து, வெறும் மேசையில வச்சு, பக்கவாட்டில குனிஞ்சு பாருங்கோ. வளையம் போட்ட ஃபைலில உள்பக்கம் இருந்த கார்ட் எண்டா வளையம் அமத்தின பள்ளமும் இருக்கும். விரலால தடவினா தெரியும்.

தம்பி நேற்று இரவு மெசேஜ் போட்டவர். நான் சொன்னதைக் கேட்டு கார்ட்டைக் கவனமா வைக்கச் சொல்லி அம்மாட்ட குடுத்திருக்கிறார். அம்மா அதைப் பிறப்புச் சான்றிதழோட சேர்த்து லமினேட் பண்ணக் கொண்டு போயிட்டா. பெடியன் காலி வீதி வரைக்கும் ஓடிப் பிடிச்சவராம். சான்றிதழ் மெசினுக்குள்ள போயிட்டுது, சாரிசார்ட் அடுத்ததா வரிசையில நிண்டதாம்.