குளிரில் உறங்கிய குப்பி

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு விவசாயி என் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் சிறு கண்ணாடிக் குப்பி. தண்ணீரில் மலக்கழிவு கலந்திருந்தால் கறுத்துக் காட்டும் சோதனைக் குப்பி அது. காரட் கழுவும் தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பி இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தாராம். "நிறம் மாறவே இல்லை, தண்ணீர் சுத்தம்தானே ஐயா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தச் சோதனை 1982இல் நம் நாட்டிலேயே உருவானது. மலக்கழிவோடு கலந்து வரும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். குப்பிக்குள் இருக்கும் இரும்பு உப்போடு அது சேர்ந்ததும் தண்ணீர் கறுத்துவிடும். எளிது, மலிவு. ஆனால் கிருமி பெருகினால்தானே வாயு வரும்? அதற்கு 30 முதல் 37 டிகிரி வரை வெப்பம் வேண்டும். நம் ஊர் டிசம்பர் அலமாரியில் அது எங்கே கிடைக்கும்? அதே தொட்டித் தண்ணீரை வேறொரு குப்பியில் பிடித்துவரச் சொல்லி வெப்பப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை மை போலக் கறுத்திருந்தது.

குளிர் கிருமியைக் கொல்லாது, உறங்க வைக்கும். லிஸ்டீரியா என்ற கிருமியோ உறங்கவும் உறங்காது. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே மெல்லப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் ஆபத்தானது. மூக்கும் நாக்கும் இதில் உதவாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கும் காரட்டும் இனிப்பாகவே இருக்கும்.

காரட்டையே சோதிக்கலாமே என்பீர்கள். செய்கிறோம். 25 கிராம் எடுத்து, நலிந்துபோன கிருமி தேறிவர முதலில் ஒரு நாள் சத்து நீரில் வைக்கிறோம். பிறகு மற்றக் கிருமிகளை அடக்கும் நீர்மத்தில் ஒரு நாள், அதன்பின் அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் ஒரு நாள். தட்டில் கறுப்புப் பொட்டு வைத்த புள்ளிகள் தோன்றினால், அது சால்மோனெல்லாதானா என்று உறுதி செய்ய இன்னும் ஓரிரு நாள். அதற்குள் அந்தக் காரட் மேட்டுப்பாளையம் மண்டியைத் தாண்டி யார் வீட்டுச் சமையலறைக்கோ போயிருக்கும். அதனால்தான் கழுவும் தண்ணீரை முதலில் பாருங்கள் என்று மன்றாடுகிறேன்.

குப்பியைத் துணியில் சுற்றி, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டில்களோடு தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். நீர் ஆறியதும் மாற்றுங்கள். 48 மணி நேரம் பொறுங்கள்.

அந்த விவசாயியோடு, தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஓடையின் மேல்புறம் ஏறிப் பார்த்தேன். புதர் மறைவில் ஒரு கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது.